கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றே முக்கால் பக்கம் உன் வீட்டுக்காரரைப் பற்றி. பிள்ளையைப் பற்றிக் கடைசியில் கால் பக்கம். அதிலும் ஒரே ஒரு கேள்வி: “அவனைக் கூட்டிக்கொண்டு சென்னைக் கப்பலில் ஏறிவிடலாமா அக்கா? பரமக்குடியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டே கேஸ் போட்டால் பிள்ளை எனக்குத்தானே?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். மீதிக்கு நேரில் வா. காபி போட்டுத் தருகிறேன், திட்ட வேண்டியதைத் திட்டு, அழ வேண்டியதை அழு. நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவர் கை நீட்டுகிறாரா? உன்னையோ பிள்ளையையோ அடித்தது உண்டா? உண்டு என்றால் இந்தக் கடிதத்தின் மீதிப் பகுதி இப்போது உனக்கு வேண்டாம். 181-க்கு போன் செய். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டே பிள்ளையைத் தற்காலிகமாக உன்னிடம் ஒப்படைக்க உத்தரவு போடலாம். அந்த நிலையில் இருப்பவள் முதலில் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும், சட்ட நுணுக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கா வீட்டுக் கதவு ராத்திரி எத்தனை மணிக்கும் திறக்கும். ஆனால் நீ எழுதியிருப்பதில் அப்படி எதுவும் தெரியவில்லை. பேச்சு நின்றுபோனது, மாமியார் தலையீடு, பணத்தை ஒளிப்பது, ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு சமையல். வேதனைதான். ஆனால் ராவோடு ராவாகக் கப்பலேறும் காரியம் இல்லை.

ஏன் ஏறக் கூடாது என்று சொல்கிறேன். பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்பதை முடிவு செய்யும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டம். எந்த மதத்தார் ஆனாலும் அந்தச் சட்டத்தில் மனுப் போடலாம். அதன் 9-ஆம் பிரிவு, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனுவைக் கொண்டுபோகச் சொல்கிறது. உன் பையன் பிறந்தது இங்கே, போர்ட் பிளேரில். டெலானிபூர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறான், இரண்டாம் வகுப்பு. பள்ளியில் இந்தி, அப்பாவைப் பெற்ற தாக்குமாவிடம் வங்காளம், உன்னிடம் தமிழ் என்று மூன்று மொழியும் இந்த ஊரில்தான் அவன் நாக்கில் ஏறியது. அவனை மூன்று நாள் கப்பலில் வைத்துக் கூட்டிப்போய்ப் பரமக்குடியில் இறக்கிவிட்டால் அடுத்த திங்கட்கிழமை அவன் பரமக்குடிக்காரன் ஆகிவிடுவானா? வழக்கமான வசிப்பிடம் எது என்பதை ஒவ்வொரு பிள்ளையின் நிலவரத்தையும் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். ருச்சி மஜூ வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியிருக்கிறது.

“அப்போ நான் ஊரில் கேஸ் போடவே முடியாதா?” என்று நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. போடலாம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் கொண்டுவந்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனுப் போடலாம்; 26-ஆம் பிரிவின் கீழ் அதே மனுவோடு பிள்ளையைப் பற்றியும் கேட்கலாம். அந்த உரிமை உனக்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வாரம் அவர் போர்ட் பிளேரில் 1890 சட்டப்படி ஒரு மனுப் போடுவார். இரண்டு ஊரில் இரண்டு கேஸ். நீ வாய்தாவுக்கு இங்கே வர வேண்டும், அவர் அங்கே வர வேண்டும். ஒரு மாநிலத்து நீதிமன்றத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழக்கை மாற்ற வேண்டுமென்றால் டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற பேச்சே இன்னும் தொடங்கியிருக்காது. எந்த ஊர் ஜட்ஜ் கேட்பது என்பதிலேயே அவனுக்கு எட்டு வயது ஆகிவிடும்.

இன்னொன்றும் நடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிப் போனவள் என்ற பெயர் உனக்கு முதல் மனுவிலேயே விழுந்துவிடும். அவர் ஆட்கொணர்வு மனுப் போட்டால், பிள்ளையை யாரும் கடத்தவில்லை, நான் அவனைப் பெற்ற தாய் என்று நீ நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை நாள் நீதான் அவனைப் பார்த்துக்கொண்டாய் என்பது உன் பெரிய பலம். அதை நீயே ஒரு டிக்கெட்டால் கெடுத்துக்கொள்ளாதே. இதே கேள்வியை உன் வீட்டுக்காரர் வந்து கேட்டிருந்தாலும், பையனை மாயாபந்தரில் அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பி ஒளித்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாலும், இதையேதான் சொல்லியிருப்பேன்.

சரி, அடுத்து உன் தோழிகள் சொன்னதாக எழுதியிருக்கிறாய்: பிள்ளை எப்படியும் அம்மாவுக்குத்தான். பாதிதான் சரி. 1956-ஆம் வருஷத்து இந்துச் சட்டம் ஐந்து வயது முடியாத பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடம் விட வேண்டும் என்கிறது. உன் பையனுக்கு ஆறரை. அதனால் அவன் அப்பாவுக்கு என்று ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. உன் மாமியார் வட்டாரத்தில் அப்படி ஒரு பேச்சு ஓடுவதாகத் தெரிகிறது, அதைக் கேட்டு நீ பயப்படாதே. ஐந்து வயதுக்குப் பிறகு கதவு இருவருக்கும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் அப்பா பெயர் முதலில் இருப்பதால் அம்மா இரண்டாந்தரம் என்று நினைத்த காலமும் போய்விட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது ரிசர்வ் வங்கி அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. மறுமணம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முடியாது என்றும் 2006-இல் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு இப்போது அந்த யோசனை இல்லை, தெரியும். தெரிந்துவைத்துக்கொள் என்பதற்காகச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிள்ளையின் நலன். இதைக் கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்திருக்கும். ஆனால் அதன் அர்த்தத்தை நம் ஆட்கள் பிடித்துக்கொள்வதே இல்லை. 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கு என்று ஒன்று, மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து டெல்லிக்குப் போனது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் வக்கீல்கள் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் ஜட்ஜ் பார்ப்பது என்ன? உன் வீட்டுக்காரர் கெட்டவரா என்பதைவிட, இந்தப் பையனுடைய சாதாரணமான ஒரு நாள் யாருடைய கையில் ஒழுங்காக ஓடும் என்பதை.

ஒரு வேலை செய். இன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்து அவனுடைய ஒரு நாளை எழுது. காலையில் யார் எழுப்புகிறார்கள், என்ன சாப்பிடுகிறான், எதைக் கண்டால் தட்டைத் தள்ளுகிறான், யார் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். கிளாஸ் டீச்சர் பெயர் என்ன. கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது யார். எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. கணக்கில் எங்கே தடுமாறுகிறான், யாரோடு விளையாடப் போகிறான், இருட்டினால் பயப்படுவானா. உன்னால் நிறுத்தாமல் இரண்டு பக்கம் எழுத முடிந்தால் உன் மனுவில் பாதி எழுதி முடித்துவிட்டாய். இதில் உன் வீட்டுக்காரர் வருகிற இடங்களையும் நேர்மையாக எழுது. சாயங்காலம் அவர்தான் அவனை மெரினா பார்க்கில் சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போகிறார் என்று போன வருஷம் நீயே பெருமையாகச் சொன்னாய். அது பொய்யா? இல்லையே. எழுது.

எழுத மாட்டேன், அது அவருக்குச் சாதகமாகிவிடும் என்பாய். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அப்பா என்ற ஆள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்பதுபோல் மனு எழுதி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு பள்ளி விழாப் படத்தை நீட்டுவார். அதில் அப்பா தோளில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் நீ சொல்கிற உண்மைகளையும் ஜட்ஜ் இரண்டு முறை யோசித்துத்தான் எடுத்துக்கொள்வார். உண்மையான குறையைச் சொல், தேதியோடு சொல். ஆத்திரத்தில் ஊதிப் பெருக்காதே. அதைவிட முக்கியம், பிள்ளையை வைத்து அசிங்கமான பழி எதையும், அது உண்மையாக நடந்திருந்தால் தவிர, வாயிலேயே கொண்டுவராதே. யாராவது “அதைச் சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடும்” என்று யோசனை சொன்னால் அந்த ஆளின் வாசலையே மிதிக்காதே. பிறகு போலீசும் டாக்டரும் மாறி மாறி விசாரிப்பது உன்னை இல்லை, ஆறரை வயசுப் பிள்ளையை.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ அவருக்கு அனுப்புவதெல்லாம் அச்சாகி ஜட்ஜ் மேசைக்கு வரும். ஸ்டேட்டஸில் பழமொழி போட்டுக் குத்துவதை இன்றோடு நிறுத்து. அவருக்கு அனுப்புகிற ஒவ்வொரு செய்தியையும், மூன்றாம் மனிதர் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்கப் போகிறார் என்று நினைத்து எழுது.

பணத்தைப் பற்றிய பயம் உன் கடிதம் முழுக்க ஓடுகிறது. அவருக்கு கவர்ன்மென்ட் வேலை, உனக்குத் தையல் மெஷின். சம்பளம் அதிகம் என்பதற்காகப் பிள்ளையை யாருக்கும் கொடுப்பதில்லை. அப்படியென்றால் இந்த நாட்டில் ஏழைத் தாய் ஒருத்தியிடமும் பிள்ளை இருக்காது. பிள்ளை உன்னிடம் இருந்தாலும் செலவுக்குக் கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஒழுங்குபடுத்தியது: இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டாகக் கொடுக்க வேண்டும்; ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். நீயும் தையல் வருமானத்தை மறைக்காதே. வக்கீல் ஃபீஸ் கவலையும் வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணி ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இலவசம் என்பதால் மட்டமாக இருக்கும் என்று மூக்கைச் சுளிக்காதே, அங்கே நல்ல பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு பிடிவாதம் மட்டும் உன்னிடம் வரக் கூடாது: பணம் கொடுத்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்பது. அவர் பக்கத்திலும், பிள்ளையைக் காட்டினால்தான் பணம் என்பார். இரண்டும் தனித்தனி. அவர் ஒரு மாதம் பணம் தரவில்லை என்றால் நீதிமன்றத்தில் கேள். அதற்காகப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்காதே.

பையனிடம் ஜட்ஜ் பேசுவாரா என்று கேட்டிருக்கிறாய். பேசலாம். இத்தனை வயது என்று சட்டத்தில் எல்லை கிடையாது. யோசித்து ஒரு விருப்பம் சொல்லும் பக்குவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேம்பரில், வக்கீல்கள் இல்லாமல், சில சமயம் பிஸ்கட்டோடு. நம் ஹைகோர்ட்டிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்தமானுக்கும் கல்கத்தா ஹைகோர்ட்தான் என்பது உனக்குத் தெரியும். அங்கே நில் ரத்தன் குண்டு வழக்கு என்று ஒன்று. தாய் இறந்துவிட்டாள், அந்தச் சாவுக்காக அப்பா மேலேயே கேஸ் நடந்துகொண்டிருந்தது, பிள்ளை அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் இருந்தான். கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பையனைக் கூப்பிட்டுப் பேசினார்கள், தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்றான், அங்கேயே விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நீ அவனை உட்காரவைத்து “ஜட்ஜ் அங்கிள் கேட்டால் அம்மாதான் வேணும்னு சொல்லு” என்று பாடம் நடத்தப் போகிறாய். வேண்டாம். சொல்லிக்கொடுத்த பேச்சைக் கண்டுபிடிக்க ஜட்ஜுக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆறரை வயதுப் பிள்ளை ‘மன உளைச்சல்’ என்று சொன்னால் அது யாருடைய வார்த்தை என்று தெரியாதா? 2017-இல் விவேக் சிங் – ரோமானி சிங் வழக்கில் பெண் குழந்தை கைக்குழந்தையிலிருந்து அப்பாவோடு வளர்ந்தது, அப்பாவோடுதான் ஒட்டுதல். விவரம் தெரிந்து அம்மாவோடு வாழ்ந்து பார்க்காத குழந்தையின் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் அனுப்பியது. ஒரு பெற்றோர் மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஊட்டுவது எவ்வளவு கெடுதல் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். வெறுப்பை ஊட்டுகிறவரிடம் பிள்ளை இருப்பது நலன் இல்லை என்று ஜட்ஜுக்குத் தோன்றினால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பார். கோர்ட்டை விடு. அவனுக்கு அப்பா வேண்டும், தங்கச்சி. உனக்கு அவர் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற தம்பதிக்கு “மாதம் இரண்டு ஞாயிறு அப்பா பார்க்கலாம்” என்று எழுதிவிட்டால் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். நமக்கு நடுவில் கடல் இருக்கிறது. சென்னை ஆயிரத்துக்கும் மேலே கிலோமீட்டர். பள்ளி லீவு வந்தால் பிளேன் டிக்கெட் விலை உனக்குத் தெரியும். கப்பல் மாதத்தில் சில தடவைதான், அதுவும் புயல் சின்னம் என்றால் தள்ளிப்போகும். வழக்கின் கடைசியில் நீயே ஜெயித்து, அனுமதியோடு பையனைப் பரமக்குடிக்குக் கூட்டிப்போகிறாய் என்று வை. உத்தரவில் “மாதம் இரண்டு ஞாயிறு” என்று இருந்தால் அவர் எப்படி வருவார்? வர மாட்டார். ஆறு மாதத்தில் அப்பா போனில் ஒரு குரல் ஆகிவிடுவார், ஒரு வருஷத்தில் அதுவும் குறைந்துவிடும். நீ இங்கேயே இருந்தாலும், அவரை நாளைக்கே திக்லிபூருக்கு மாற்றினால் ஜிர்காடாங்கில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாயைப் பிடித்து நாள் முழுக்கப் பயணம். கார் நிக்கோபாருக்கு மாற்றினால் அது பழங்குடிப் பகுதி, பாஸ் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. ஊர் தெரியாமல் எழுதிய உத்தரவு இங்கே நடக்காது.

அதனால் உன் புத்தியையும் உன் வக்கீலின் நேரத்தையும் இதில் செலவழி. யஷிதா சாஹு வழக்கில், 2020 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் தூரத்தில் இருக்கும் பெற்றோரைப் பற்றிப் பேசியது. வாராவாரம் பார்க்க முடியாத தூரம் என்றால் நீண்ட விடுமுறைகளைப் பிரித்துக் கொடுக்கலாம். அதோடு தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பிள்ளையோடு பேசும் உரிமை, வீடியோ அழைப்பு உட்பட, இருக்க வேண்டும் என்றது. இதை வைத்து நீயே ஒரு திட்டம் எழுது. பெரிய லீவில் எத்தனை நாள் யாரிடம். பூஜை லீவு அவருக்கு, அவர்கள் வீட்டில் துர்கா பூஜைக்குப் பிள்ளை இல்லாமல் இருந்தால் உன் மாமியார் தாங்க மாட்டாள். பொங்கல் உனக்கு. டிக்கெட் யார் எடுப்பது, எத்தனை நாளுக்கு முன்னால். கப்பலோ பிளேனோ ரத்தானால் அந்த நாட்களை எப்போது ஈடு கட்டுவது. பையன் தனியாகப் பறப்பதென்றால் சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏற்ற விமானக் கம்பெனியில் தனி ஏற்பாடு உண்டு. இந்தப் பக்கம் ஒப்படைப்பவர், அந்தப் பக்கம் வாங்குபவர் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும், அந்தப் பெயர்களையும் திட்டத்திலேயே எழுது. ரிப்போர்ட் கார்டு இரண்டு பேருக்கும் போக வேண்டும். ஆபரேஷன் மாதிரிப் பெரிய வைத்தியம் என்றால் இருவருக்கும் தெரிய வேண்டும்.

போன் நேரத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய உறவுகள் அதில்தான் அறுந்துபோகின்றன. “தினமும் பேசலாம்” என்று மட்டும் எழுதினால் சண்டை தினமும் வரும். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பிள்ளைகள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். மெயின்லேண்டில் இருப்பவர் வேலை முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் பையன் பாதித் தூக்கத்தில் இருப்பான். எழுப்பினால் அழுவான், எழுப்பாவிட்டால் “போனைக் கொடுக்கவில்லை” என்று மனு வரும். ஏழு மணி என்றால் ஏழு மணி என்று எழுதிவிடு. பேசும்போது நீ பக்கத்தில் நின்று “சாப்பிட்டேன்னு சொல்லு, படிச்சேன்னு சொல்லு” என்று எடுத்துக் கொடுக்காதே. ஒரு பாட்டி இப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை திரையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசியது. அந்தப் பக்கம் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“இவ்வளவு விட்டுக்கொடுத்தால் நான் தோற்றுப்போன மாதிரி ஆகாதா?” என்பாய். இரண்டு மனுக்கள் மேசையில் இருக்கின்றன என்று வை. ஒன்றில் அம்மா மோசம் என்று முப்பது பக்கம். இன்னொன்றில் பிள்ளையின் ஒரு நாளைப் பற்றி இரண்டு பக்கம், அப்பாவோடு அவன் எப்படித் தொடர்பில் இருப்பான் என்பதற்கு ஒரு பக்கம். நீ ஜட்ஜாக இருந்தால் பிள்ளையை யாரிடம் கொடுப்பாய்?

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனு மாவட்ட நீதிமன்றத்தில். அதற்கு மேலே போவதென்றால் கல்கத்தா ஹைகோர்ட்டின் அமர்வு இங்கேயே போர்ட் பிளேரில் இருக்கிறது (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியதிலிருந்து தபாலில் அப்படி எழுது). ஜட்ஜுகள் கல்கத்தாவிலிருந்து முறை வைத்து வருகிறார்கள், அதனால் கல்கத்தாவுக்கு நீ ஓட வேண்டியதில்லை. குடும்ப வழக்கில் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தில் உன் திட்டத் தாளை எடுத்து வை. கதவை மூடி விசாரிக்கும்படியும் கேட்கலாம், ஊரே உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு உண்டு. இடைக்காலம் என்ற பெயரை நம்பி அதை அலட்சியமாக விடாதே. கேஸ் இழுக்கிற வருஷமெல்லாம் பிள்ளை அந்த உத்தரவில்தான் வளரும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் என்ன ஏற்பாடு அமைகிறதோ, அதைக் கலைக்கப் பிறகு எந்த ஜட்ஜும் தயங்குவார். நான் இவ்வளவு அவசரமாக உனக்கு எழுதுவது அதனால்தான். ஆனால் இறுதி உத்தரவும் கல்வெட்டு இல்லை. பிள்ளை வளர்ந்து நிலைமை மாறினால் மறுபடி கேட்கலாம். ரோசி ஜேக்கப் தீர்ப்பிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பரமக்குடிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் அம்மாவின் துணை, உன் தம்பியின் வீடு, அங்கே தையலுக்குக் கிடைக்கிற கூலி எல்லாம் நியாயமான காரணம்தான். அதை மனுவில் எழுது. எந்தப் பள்ளியில் சேர்ப்பாய், இந்தியில் படித்த பையன் அங்கே எப்படிச் சமாளிப்பான், அப்பா எப்போது வந்து எங்கே தங்கிப் பார்ப்பார் என்று எழுதி, அனுமதி கேட்டுப் போ. பள்ளியில் போய் ரகசியமாக டி.சி. கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். பையனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, போன வருஷத்து ரிப்போர்ட் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், உன் கல்யாணப் பதிவு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்து வா. அசலை அதே இடத்தில் வைத்துவிடு, எடுத்து ஒளிக்காதே. நான் சொன்ன அந்த ஒரு நாள் தாளையும் கொண்டு வா. அவனையும் கூட்டி வா. நாம் பேசும்போது அவன் அறையில் இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடட்டும்.

அன்புடன்,
அக்கா